சின்னத் தட்டில் மூன்று கரண்டி

என் வீட்டுக்காரர் ஆணிக் கடையில் சரக்கு நிறுத்துப் போடுகிறவர். ஒரு கை அள்ளியதுமே கால் கிலோ என்பார். தராசில் வைத்தால் கால் கிலோதான் இருக்கும். அந்தக் கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! "என் கண்ணை யாராலும் ஏமாத்த முடியாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பார்.

அவருக்குச் சர்க்கரை வந்தது. "சோத்தைக் குறைங்க. ரெண்டு மாசத்துல இறங்கலைன்னா தினமும் ஊசிதான்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஊசியென்றால் இவருக்கு உயிரே போய்விடும். ஆனால் வழக்கமான நான்கு கரண்டியில் ஒன்று குறைந்தாலும், "ஏன், அரிசி தீந்துடுச்சா?" என்று தட்டைத் தள்ளுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மிஞ்சின சோற்றை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வைத்தேன். இரண்டே கரண்டிதான், விளிம்பை முட்டிக்கொண்டு குவியலாகத் தெரிந்தது. அடி சக்கை! மறுநாளே கடைக்குப் போய் இவருக்கு அகலம் குறைந்த தட்டாக ஒன்று வாங்கிவந்தேன். "பழசு நெளிஞ்சு போச்சு" என்று ஒரு பொய். மூன்று கரண்டி போட்டு வைத்தேன். உற்றுப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் உனக்கு மனசே வந்திருக்கு" என்றார்.

சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன்.

இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "பிரமாதம்! ஊசி வேண்டாம்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்குமா? தட்டு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"மூணு கரண்டியா? என்னையேவா ஏமாத்தினே?" இவர் முகம் தொங்கிப்போனது.

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அந்தப் பெரிய தட்டு என்னாச்சு?"

"வீணாப் போவானேன்னு நான் வச்சுக்கிட்டேன். இவர் கடைக்குப் போனப்புறம் அதுலதான் சாப்பிடறேன்."

"எவ்வளவு போட்டுக்கறீங்க?"

"கொஞ்சம்தான் டாக்டர். தட்டுல பாதிகூட நிறையாது. போதாத மாதிரி இருந்தா இன்னும் ஒரு கரண்டி..." சொல்லச் சொல்ல என் குரல் உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா எடை மெஷினைக் காட்டினார். போன தடவை வந்தபோது சும்மா ஏறிப் பார்த்திருந்தேன். இப்போது அதைவிட ஐந்து கிலோ கூட!

"நாளைக்கு வெறும் வயித்தோட வாங்கம்மா. உங்களுக்கும் சர்க்கரை பாத்துடலாம்."

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே பயமாகவும் இருந்தது. டாக்டரம்மா புதுச் சீட்டு ஒன்றை எடுத்து வயதைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, இரண்டு வயது கூட்டிச் சொன்னார். இரண்டு மாதமாக என்னிடம் ஏமாந்த மனுஷன், பாவம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.