ஓடியதற்கு விசில்

செவ்வாய்க்கிழமைகளில் என் மாலை வகுப்புக்கு முன், பக்கத்து மைதானத்தில் முதியவர்கள் நடைக் கால்பந்து ஆடுவார்கள். அதில் ஓடக்கூடாது. ஓடினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான ராச்டேலின் அணிக்காக ஒரு காலத்தில் கோல்களாக அடித்துத் தள்ளிய டெஸ்மண்ட் அக்ராய்டும் வருவார். ஓடவே மாட்டாராம்; கோல் வாசலிலேயே நின்று பந்துக்குக் காத்திருப்பாராம். மழையில் நனைந்தபடி ஊரே 'சோம்பேறி டெஸ்' என்று கத்துமாம். கோல்களை மறந்தாலும் அந்தப் பெயரை அவர் மறக்கவில்லை.

நேற்று வலப்பக்கத்திலிருந்து, பழைய நாட்களைப் போலவே, பந்து தாழ்வாக வந்தது. டெஸ்மண்ட் பாய்ந்து போய் உள்ளே தட்டினார். நடுவர் கிளெனிஸ் விசில் ஊதினார்.

"கோல் இல்ல. நீ ஓடினே, டெஸ்."

கோல்கீப்பர் வில்ஃப், அந்தக் காலத்தில் அவரைத் திட்டித் தீர்த்த ரசிகர்களில் ஒருவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! நாங்க காசு கொடுத்துப் பாத்தப்ப ஒரு நாளாவது ஓடினியா? ஓடாதேன்னா ஓடுற!"

டெஸ்மண்ட் கோலுக்காக வாதாடுவார் என்று நினைத்தேன். வழக்கம்போல் என் கணிப்பு தவறியது. அவர் மூச்சு வாங்கியபடி கிளெனிஸிடம் போனார்.

"நான் என்ன செஞ்சேன்னு சொன்னே?"

"ஓடினே."

"வில்ஃபுக்குக் காது மந்தம். இன்னும் சத்தமாச் சொல்லு, கண்ணு."