கட்டிலில் கட்டிய விமானம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பகல் முழுக்க மேலும் கீழும் போய்வருகிற மனிதர் வீட்டுக்கு வந்தால் சிவனே என்று உட்கார வேண்டாமா? மாட்டார். உள் அறைக்குள் போய் மறுபடி மேலே ஏறுவார், இந்தத் தடவை விமானத்தில். மூன்று ஸ்க்ரீன், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய டிரைவர் சீட், தரையில் திருகி நிறுத்திய ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு ஸ்டியரிங். "அது ஸ்டியரிங் இல்ல, யோக்" என்பார். புடிச்சுத் திருப்பினா அது ஸ்டியரிங்தான் என்பேன் நான். கல்யாணமானதிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது, இன்னும் தீர்ப்பு வரவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். வீட்டு முன்னறைதான் என் கிளினிக். முன்னறையில் நோயாளி "ஐயோ அம்மா" என்று கத்த, உள்ளறையில் "இறங்கப் போறோம், பெல்ட் போட்டுக்குங்க" என்று இவர் அறிவிக்க, கிளினிக்குக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் குழம்பித்தான் போவார்கள்.

இவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், நிஜமாகவே விமானம் ஓட்டுகிறவள். வீட்டில் அவளுக்குப் பேர் பொடிசு. நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம், ஆனாலும் பொடிசு. அந்த வெள்ளிக்கிழமை பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். இத்தனை வருஷம் அவள் ஓட்டிய விமானத்தில் ஸ்டியரிங்கே கிடையாது. ஓரமாக ஒரு சின்னக் குச்சி, லேசாகத் தொட்டால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். இப்போது கம்பெனி அவளைப் பெரிய விமானத்துக்கு மாற்றியிருந்தது. அது வேறு ஜாதி. ஸ்டியரிங்கை இழுத்தால் அது எதிர்த்து இழுக்கும், வேகம் கூடக் கூடக் கனக்கும். கட்டை விரலுக்குக் கீழே ட்ரிம் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, அதை அழுத்தினால் அந்தக் கனம் கையை விட்டு இறங்கும். குச்சிப் பழக்கத்தில் பொடிசு அந்த ஸ்விட்சை மறந்துவிடுகிறாள். கனத்தையெல்லாம் கையிலேயே சுமந்து வந்து, தரை நெருங்கும்போது கை நடுங்கி, விமானத்தை 'டம்'மென்று போடுகிறாள். கம்பெனியின் பெரிய சிமுலேட்டரில் நடந்த பரீட்சையில் ஒரு தடவை தோற்றாயிற்று. திங்கட்கிழமை எங்கள் ஊரில் இரண்டாவது பரீட்சை, அதுதான் கடைசி. அதிலும் போனால் பெரிய விமானம் கிடையாது. பழைய இடத்திலும் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் ஆபீஸ் மேசைதான்.

"மேசைல உக்காந்தா நான் செத்தே போயிடுவேன் அண்ணி" என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

இவர் சும்மா இருந்தாரா? "நம்ம வீட்லயே ஓட்டிப் பாரேன்" என்றார்.

"அண்ணா, அது விளையாட்டுச் சாமான்."

அவ்வளவுதான், மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம் பார்த்து மறுநாள் காலையில் போய் பஸ் சீட்டில் உட்கார்ந்தாள் பொடிசு. விமானம் கிளம்பியது, வட்டமடித்தது, ஓடுபாதைக்கு வந்தது, அதைத் தாண்டிக் குதித்து, பக்கத்து ஆற்றில் போய் உட்கார்ந்தது. நிஜ பைலட்! நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டாவது தடவை ஒரு பாலத்துக்கு அடியில் போனாள். மூன்றாவது தடவை எங்கே போனாள் என்று ஸ்க்ரீனுக்கே தெரியவில்லை.

"சீட் கோணலா இருக்கு" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து சிரிக்காத பெண், ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து அப்படிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணி, சீட்டை விடுங்க. இதைப் புடிச்சுப் பாருங்க. இறகு மாதிரி இருக்கு! நிஜத்துல இது உங்க கையோட சண்டை போடும். நான் இழுத்தா அது இழுக்கும். இதுல இருக்கறது சும்மா ஒரு ஸ்பிரிங். விட்டா நடுவுல வந்து நிக்குது. ட்ரிம்மை அமுக்கினா கையில ஒண்ணுமே தெரியல. எனக்கு வராத பாடமே அதுதான், அதுதான் இதுல இல்ல!" சொல்லிக்கொண்டே அந்த ஸ்விட்சை அழுத்தினாள் பாருங்கள், கோபத்தில், அது பொக்கென்று உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை.

இவர் ஸ்விட்சுக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தார். எனக்கோ மண்டைக்குள் வேறொன்று ஓடியது. கையோடு சண்டை போடுகிற பொருளா? என் கிளினிக்கில் அலமாரி நிறைய அதுதானே இருக்கிறது! ரப்பர் பட்டைகள். மஞ்சளை இழுத்தால் குழந்தைகூட ஜெயிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏறிக்கொண்டே போய், கருப்புப் பட்டையை இழுத்தால் பயில்வானுக்கும் பல் தெரியும்.

"ஏங்க, எந்திரிங்க. கட்டிலைத் தள்ளுங்க."

நோயாளிகளைப் படுக்கவைக்கிற கட்டில் அது. சக்கரம் உண்டு, பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் உயரும், திருப்பிச் சுற்றினால் தாழும். அதை உள்ளறைக்குத் தள்ளி, ஸ்க்ரீன் மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, ஸ்டியரிங் தண்டின் கழுத்திலிருந்து கட்டில் விளிம்புக்கு நீலப் பட்டையைக் கட்டினோம். கட்டிலை உயர்த்தினால் பட்டை விறைக்கும், ஸ்டியரிங் கனக்கும். தாழ்த்தினால் கனம் போய்விடும். அதுதான் ட்ரிம். அந்த ட்ரிம் யார்? நான்தான். ஒரு கையால் கட்டிலைச் சுற்ற வேண்டும், மறு கையால் கீபோர்டில் இவர் காட்டிய பொத்தானை அழுத்த வேண்டும், அப்போதுதான் ஸ்க்ரீனில் இருக்கிற விமானத்துக்கும் சேதி போகும். கருப்புப் பட்டையை இவர் கையில் கொடுத்தேன். வேகம் கூடினால் இழுக்க வேண்டும், குறைந்தால் விட வேண்டும். "இனிமே நீங்கதான் காத்து" என்றேன். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. வாயால் 'உஸ்' என்று சத்தம் வேறு போட ஆரம்பித்தார்.

"உஸ் வேண்டாம்ணா, இழுத்தா போதும்" என்றாள் பொடிசு.

விமானம் கிளம்பியது. அவள் ஸ்டியரிங்கை இழுத்தாள், இவர் எதிர்த்து இழுத்தார், நான் சுற்றினேன். திடீரென்று அவள் அலறினாள். "அண்ணி! இதுதான்! இதேதான்! கனக்குது!" ஏதோ புதையல் கிடைத்த மாதிரி. "இன்னும் கொஞ்சம் கனம் வேணும். இல்ல, இவ்வளவு வேண்டாம். அண்ணா, தூங்காத, வேகம் ஏறிடுச்சு! அண்ணி, எறக்கு!" நான் கட்டிலைத் தாழ்த்தினேன். "ஐயோ, போயிடுச்சு! கையில ஒண்ணுமே இல்ல! எவ்வளவு சொகமா இருக்கு!" நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை மரியாதையில்லாமல் கூப்பிடாத பெண், ஆகாயத்தில் ஏறியதும் 'எறக்கு' என்றாள். நானும் கண்டுகொள்ளவில்லை, எனக்கே தலைகால் புரியவில்லை.

பட்டை மாற்றி மாற்றிக் கட்டினோம். மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று. ஒரு தடவை முடிச்சு அவிழ்ந்து இவர் அலமாரியில் போய் மோதினார். "காத்து விழுந்துடுச்சு!" என்று பொடிசு கத்த, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கட்டில் ஓரத்தில் பட்டை என் முழங்கையை உரசிக்கொண்டிருந்ததால் ஒன்று எனக்குத் தெரிந்தது. தரை கண்ணில் பட்டதுமே அவள் கை இறுகியது, பட்டை வழியே அந்த நடுக்கம் எனக்கு வந்தது. "இந்தக் கட்டில்ல படுக்கறவங்க எல்லாம் இதைத்தான் பண்றாங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே இறுக்கிக்குவாங்க. அதுலயே வலி வந்துடும். விரலைத் தளர்த்து, மூச்சை விடு" என்றேன். சாயங்காலம் இறங்கிய இறக்கத்தில் மேசைமேல் இருந்த டீ டம்ளர்கூட அசைந்திருக்காது. அது நிஜ விமானம் இல்லை, டம்ளர் எப்படியும் அசையாது என்று இவர் சொன்னார். முறைத்தேன், அடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இடி விழுந்தது. தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் போன பொடிசு, பாதித் தூக்கலில், தன்னையறியாமல், "அண்ணி, எறக்கு!" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். இவர் மட்டும் டீயைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அங்க அண்ணி இருக்க மாட்டா பொடிசு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உடைந்த ஸ்விட்சை மறந்தே போயிருந்தோம். நேற்று முழுக்க அவள் விரல் எதையும் அழுத்தவேயில்லை, வாய்தான் கத்தியது. கனத்தால் கத்தவும், கத்தினால் கனம் போகவும் நாங்களே பழக்கியிருந்தோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நாளைக்கு அந்தப் பெரிய சிமுலேட்டரில் உட்கார்ந்து, விரலை அசைக்காமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? பொடிசு முகம் பழையபடி வெள்ளிக்கிழமை முகமாகிவிட்டது. எனக்குப் பகீரென்றது, என் யோசனையால் வந்த வினைதானே இது!

இவர் எழுந்து வேலைப் பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு லிஃப்ட் பொத்தான் உருண்டது, கீழ்நோக்கி அம்புக்குறி போட்டது, அழுத்தினால் சிவப்பாக எரியும். அதை ஸ்டியரிங்கில், கட்டை விரல் போகிற இடத்தில், ஒயர் இழுத்து ஒட்டினார். உலகத்திலேயே லிஃப்ட் பொத்தான் வைத்த விமானம் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கும். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். "கத்தினா எனக்குக் கேக்காது. வெளக்கு எரிஞ்சாத்தான் சுத்துவேன்" என்றேன்.

அன்றைக்குப் பட்ட பாடு! பொடிசு வாய் திறப்பது தெரியும், விளக்கு எரியாது. நான் கல்லாக நிற்பேன். விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நேராக ஆற்றுக்குப் போகும். மறுபடி. மறுபடியும் ஆறு. அந்த ஆற்று மீன்களெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டன. மதியத்துக்குமேல் வாயும் அசைந்தது, விளக்கும் எரிந்தது. சாயங்காலத்தில் சில சமயம் விளக்கு மட்டும் எரிந்தது. சில சமயம் வாய் மட்டும். எதை நம்புவது? திங்கட்கிழமை காலையில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "தைரியமா போ" என்று சொன்னேன். சொன்ன எனக்கே தைரியம் இல்லை.

கட்டிலை முன்னறைக்குத் தள்ளக்கூடக் கை வரவில்லை. அதனால் தோள்பட்டை இறுகிப்போன வாத்தியார் ஒருவரை உள்ளறையிலேயே படுக்கவைத்தேன். மூன்று ஸ்க்ரீனையும் தொங்குகிற பட்டைகளையும் பார்த்துவிட்டு, "புது மெஷினாம்மா? வலிக்குமா?" என்று கேட்டார். இவர் லீவு போட்டுவிட்டு, கருப்புப் பட்டையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. இவர் எடுக்கவில்லை. நான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பொடிசு? என்னடி ஆச்சு?"

"கத்திட்டேன் அண்ணி."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்க வர்றப்போ, சத்தமா, 'அண்ணி, எறக்கு'ன்னு. எக்ஸாமினர் அப்படியே திரும்பிப் பாத்தாரு. அவ்வளவுதான், எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஆனா, கையைப் பாக்கறேன், கனமே இல்ல அண்ணி! வெரல் தானாவே அமுக்கிடுச்சு! எப்ப அமுக்கிச்சுன்னே தெரியல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே எறக்கினேன். சக்கரம் தொட்டதே தெரியல."

"அவரு என்னடி சொன்னாரு?" என்று நான் கத்தினேன்.

"'அண்ணி யாருன்னு எனக்குத் தெரியாது, அடுத்த லேண்டிங்குக்கும் அவங்களையே கூப்பிடுங்க'ன்னாரு."

"அப்போ பாஸா? பாஸா இல்லையா, அதைச் சொல்லித் தொலை!"

"பாஸ் அண்ணி! பாஸ்! எனக்குப் பெரிய விமானம் குடுத்துட்டாங்க!"

இவர் பஸ் சீட்டிலிருந்து எகிறிக் குதித்தார். என்ன ஏதென்று தெரியாமலேயே வாத்தியாரும் "ஜே!" என்றார். இவர் அவரைக் கட்டிப்பிடிக்க, தோள்பட்டை வலியில் அவர் அலற, போனுக்குள் பொடிசு சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா? ஏன் பேச மாட்டேங்கறீங்க? ஏதாவது சொல்லுங்க அண்ணி."

இருக்கேன்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய், அப்போது அழ மட்டும்தான் செய்தது.