பயப்பட்டை

மென்மையா, கெட்டியா... இவ்வளவுதான் கேள்வி, அதற்குப் போய் இந்த ஆள் ஏன் குரலை இப்படித் தாழ்த்திக்கொள்கிறார், அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கிற மருத்துவர் மாதிரி. சட்டையில் ‘டயர் ஆலோசகர்’ என்று அட்டை குத்தியிருக்கிறது. முன்பு டயர்க்கடைக்காரர் என்று ஒரு சொல் இருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது, இப்போது எல்லோரும் ஆலோசகர்... சரி, டயர் மாற்ற வந்திருக்கும் அவனை மட்டும் என்ன சொல்வது, விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் முடிந்தவரை பலரை வெறுங்கையோடு அனுப்புவது அவன் வேலை, அதற்கு ‘முதுநிலை நேர்மை மதிப்பீட்டாளர்’ என்று பெயர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவனுடைய மின்சார பைக் பின்சக்கரம் இல்லாமல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, பல்லைப் பிடுங்கிக்கொண்ட ஆள் போலக் கொஞ்சம் அசட்டுத்தனமாக. மென்மையான டயர் சாலையைக் கவ்விப் பிடிக்கும், வளைவில் வண்டியைத் தரையோடு தரையாகச் சாய்க்கலாம், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கெட்டியான டயர் நேராகப் போகிறவர்களுக்கு, இரண்டு மடங்கு உழைக்கும், ஒரு சார்ஜில் கொஞ்சம் கூடுதல் தூரமும் ஓடும். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, நடுவில் சிக்னல்கள், ஒரு மேம்பாலம், அந்த மேம்பாலமும் அளவுகோல் வைத்துக் கட்டியதுபோல நேராகத்தான் போகிறது... அவனுக்கு எது பொருந்தும் என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ‘மௌனச் சக்கரங்கள்’ மலைக்குப் போகிறது, அவன் தலைமையில். மின்சார பைக் வைத்திருப்பவர்களின் குழு அது, மௌனமெல்லாம் வண்டிகளுக்கு மட்டும், ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. அதில் அவன் பெயர் மின்னலார். மின்னல் என்றுதான் ஆரம்பித்தது, குழுவில் அவன் எழுதும் நீண்ட நீண்ட அறிவுரைகளைப் பார்த்து யாரோ ‘ஆர்’ சேர்த்தார்கள், மரியாதைக்குத்தான், மரியாதைக்குத்தானா... சரி, இருக்கட்டும். மலையடிவாரத் தேநீர்க் கடையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே எல்லோரும் குனிவார்கள், அடுத்தவனுடைய பின்டயரின் ஓரத்தைப் பார்க்க. வளைவில் சாய்க்கப் பயப்படுகிறவனுடைய டயர் நடுவில் மட்டும்தான் தேயும், இரண்டு ஓரத்திலும் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை புத்தம் புதிதாக, அச்சிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல் அப்படியே இருக்கும். அதற்குக் குழுவில் பயப்பட்டை என்று பெயர். பெயர் வைத்தவன் அவன்தான். போன மாதம் பல்மருத்துவரின் டயரில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை இருந்தது. “என்ன டாக்டர், ஓரத்தையெல்லாம் பேரனுக்குன்னு பத்திரப்படுத்தி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டவனும் அவன்தான், கடை மேசைகள் அதிரச் சிரித்தார்கள், பல்மருத்துவரும் சிரித்தார், தொழில்முறையில் பயன்படுத்தும் சிரிப்பு, பிறகு அவர் குழுவில் தலைகாட்டவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை நடித்தே காட்டினான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிராமல், “உங்க டயரை யாராவது குனிஞ்சு பார்த்தாங்களா?” என்றாள். எல்லாரும்தான் பார்த்தாங்க என்றான். கணவனின் டயரைப் பற்றி ஒரு மனைவி பெருமைப்படுவது உலகத்தில் அபூர்வம் என்று அப்போது நினைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

பார்த்தது வலது ஓரத்தை மட்டும். அதுதான் சௌகரியம், பக்கத்தாங்கியில் நிற்கும் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும், இடது ஓரம் கீழே ஒளிந்துகொள்ளும், தரையில் படுத்தால்தான் தெரியும், அவ்வளவு தூரம் நட்பு பாராட்டுகிறவர்கள் குழுவில் இல்லை. அந்த வலது ஓரத்தை... அதையும் நினைத்துத்தான் ஆகவேண்டுமா, சரி, இந்த டயரைப் போட்ட புதிதில், குடியிருப்பின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, தச்சர்கள் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்தான். பட்டை போகிறவரை தேய்த்தான். இடப்பக்கத்துக்குப் போகலாம் என்று எழுந்தபோது காவலாளி வந்து நின்றார், “என்ன சார், பஞ்சரா?” இல்லைங்க, ஒரு பராமரிப்பு என்றான். “டயருக்கெல்லாம் பாலிஷ் போடுறாங்களா இப்ப,” என்று அவர் வியந்துகொண்டே அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இடது ஓரம் அப்படியே நின்றுபோனது. அதன் பிறகு அந்தப் பக்கம் அவன் குனிந்து பார்த்ததேயில்லை, பார்த்து என்ன ஆகப்போகிறது, சிலவற்றைக் குனிந்து பார்க்காமல் இருப்பதுதானே குடும்ப வாழ்க்கை, அலுவலக வாழ்க்கை, எல்லாமே.

ஆலோசகர் கழற்றிய டயரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார், பரிசு வாங்கியவர் போல. மேசைமேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தார். “சார், நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.” எப்படி நினைத்தீர்கள் என்று கேட்கவில்லை, இஸ்திரி போட்ட கால்சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து நிற்கிறவனை வேறு எப்படி நினைக்க முடியும். “உங்களுக்கு கெட்டி டயரைக் காட்டினது என் முட்டாள்தனம். இந்த ஓரத்தைப் பாருங்க. கடைசி மயிரிழை வரைக்கும் தேஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும். இந்த வருஷம் எங்க கடைக்கு இப்படி ஒரு டயர் வரல சார்.” பின்சுவரைக் காட்டினார், அங்கே ஏழெட்டுத் தேய்ந்த டயர்கள் தொங்கின, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர், மான் கொம்பு மாட்டி வைத்த வேட்டைக்காரர் வீடு மாதிரி. “இதை நமக்குக் குடுத்துருங்க, உங்க பேர் போட்டு மாட்டுறோம்.” அவனுக்கு முகம் சூடானது, நல்ல சூடுதான், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் குழுவுக்கு ஒரு புகைப்படம் அனுப்பலாம், தலைப்புகூடத் தோன்றிவிட்டது, ‘அடக்கத்துடன் பகிர்கிறேன்’... இரண்டு பக்கமுமா? ரெண்டு பக்கமும் என்றா சொன்னார்?

இடது ஓரத்தைத் திருப்பிப் பார்த்தான். பட்டை இல்லை. விரலால் தடவினான், ரப்பர் மெல்ல மெல்ல உருண்டு, கரையில் நுரை நின்ற மாதிரி சின்னச் சின்ன அலையாகச் சுருண்டிருந்தது. வலது ஓரத்திலும் அதே அலை, அவனுடைய உப்புத்தாள் கீறல்கள் எங்கேயும் இல்லை, எப்போதோ அவற்றின்மேல் யாரோ ஓட்டிப் போய்விட்டார்கள். பதினாறு வருடமாகச் சாலையில் விழுந்த டயர்த் தடத்தைப் பார்த்து எவன் பொய் சொல்கிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன்... இந்தச் சுருளை உப்புத்தாள் உண்டாக்காது, காவலாளியால் உண்டாக்க முடியாது, மேம்பாலம் உண்டாக்காது. வளைவுகள்தான் உண்டாக்கும், வரிசையாக, இடமும் வலமுமாக, பயமில்லாமல் சாய்கிற ஒரு ஆள். சாவி அவனிடம் ஒன்று, வீட்டில் ஆணியில் ஒன்று.

வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் தலைமை அலுவலகக் கூட்டம், அலுவலக வேன் வந்து அவனை ஏற்றிக்கொள்ளும், அன்றைக்கு வண்டியை அவள் எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவாள். அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபோது ஆரம்பித்தது, முழங்கால் எப்போதோ சரியாகி, அக்கா நடைப்போட்டியில் கலந்துகொண்டு தோள்பட்டையில் வலி வாங்கிக்கொண்டதும் ஆயிற்று, வியாழக்கிழமை மட்டும் நின்றபாடில்லை. எப்படிப் போற என்று ஒருமுறை கேட்டான். “மலையைச் சுத்திப் போற நெடுஞ்சாலையிலதாங்க, ஓரமா, மெதுவா.” வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் சார்ஜ் அடிமட்டத்தில் கிடக்கும். மின்கலத்துக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதினான், பலர் கட்டைவிரல் காட்டினார்கள், நிறுவனத்துக்கும் காட்டமாக ஒரு புகார் போயிற்று, மின்கலத்தில் குறையில்லை, நீங்கள் ஓட்டும் விதத்தைக் கவனிக்கவும் என்று பதில் வந்தபோது எப்படிக் கொதித்தான்... என் ஓட்டும் விதத்தையா? என் ஓட்டும் விதத்தை? அதற்கும் முன்னால், கல்யாணமான புதிதில், பழைய பெட்ரோல் வண்டியில் அவளைப் பின்னால் வைத்து மலைக்குப் போனது, ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து அவள் உடம்பு வளைவோடு சேர்ந்து மெல்ல உள்ளே சாயும், அவன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, “ஆடாம நேரா உட்காரு, வண்டி விழுந்துடும்,” என்று கத்தினான். அதற்குப் பிறகு அவள் நேராகத்தான் உட்கார்ந்தாள், மூட்டை மாதிரி, இத்தனை வருடம். இந்த வண்டி வந்தபோது குடியிருப்பு முற்றத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவனே. தோளைத் தளர்த்து, தூரத்தில் பார், திருப்பத்தில் வேகத்தைக் குறை. ‘சரிங்க’ என்றாள் ஒவ்வொன்றுக்கும்.

“மென்மையானதையே போட்டுடுங்க.” சொன்னது தன் குரல்தான் என்பது ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. ஆலோசகர், தெரியும் சார் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். “ஒண்ணே ஒண்ணு சார், உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் சாய்க்காதீங்க. வழுக்கிட்டுப் போயிரும்.” தேவையில்லைதான், அவனுக்கு மனப்பாடம், ‘புது டயர் என்று அறிந்தும் வளைவில் சாய்த்தது ஓட்டுநரின் கவனக்குறைவு’, அவனே எழுதிய வாக்கியம், பல கோப்புகளில் ஒட்டியது, ஒரு கோப்பில் ஒரு பெண்ணின் புகைப்படம் இருந்தது, செருப்பு ஒன்று தனியாக... இன்றைக்குப் புதன்கிழமை.

சொல்லாவிட்டால்? நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவளுக்கு எதைச் சொல்வது. சொன்னால் அவள் மலைவழியில் போவது தனக்குத் தெரியும் என்றாகும், மலை தெரியும் என்றால் அந்த ஓரம் யாருடையது என்பதும் தெரியும் என்றாகும், ஞாயிற்றுக்கிழமை, மின்னலார், சுவரில் பெயர்... இன்றைக்கு ராத்திரி வண்டியில் கோளாறு என்று பொய் சொல்லிவிடலாம், ஒரு வாரம். அடுத்த வியாழன்? விரல் அதற்குள் அழைத்துவிட்டிருந்தது.

“சொல்லுங்க, டயர் மாத்தியாச்சா?” பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் கடகடத்தது. மாத்திக்கிட்டிருக்காங்க, என்றான், நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறதானே. “ஆமா, ஏன், வண்டி வேணுமா?” வேணாம், வேணாம், புது டயர் முதல்ல வழுக்குமாம், அதனால... வளைவுல சாய்க்காதே. இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. “நெடுஞ்சாலையில ஏதுங்க வளைவு?” இல்லதான், என்றான், சும்மா சொன்னேன். “எந்த டயர் போடுறாங்க?” மென்மையானது. “அப்படியா,” என்றாள், அந்தச் சொல்லில் ஏதோ ஒன்று சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது, அவளுடைய அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. “அப்ப ஒண்ணு பண்ணுங்க, வர்ற வழியில நாலு சுத்து சுத்தி நீங்களே அந்த வழவழப்பைத் தேச்சுக் குடுத்துடுங்களேன்.” நடுவுல தேச்சுடலாம், என்றான், ஓரம்தான்... “ஓரத்துக்கு உப்புத்தாள் இருக்கே. செருப்பு அலமாரி மேல்தட்டுல. நான்தான் எடுத்து பத்திரமா வச்சேன்.” சிரிக்கிறாளா என்று காதை அழுத்திக் கேட்டான், இயந்திரம் வேகமெடுத்துச் சுழலத் தொடங்கியிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. “சரி, பாத்து வாங்க,” என்று வைத்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது டயர் சக்கரத்தில் ஏறிக்கொண்டிருந்தது, கறுப்பாக, ஒருவரும் எழுதாத முகத்தோடு. உங்க டயரை யாராவது குனிஞ்சு பார்த்தாங்களா... அன்றைக்கு அவள் கேட்டது பெருமையில் இல்லை. உப்புத்தாள் அப்போதே மேல்தட்டில் இருந்திருக்கிறது. பிறகு எதில் கேட்டாள், யாராவது பார்த்துவிட்டார்களோ என்ற பயத்திலா, இல்லை, ஒருவராவது பார்த்திருக்கக் கூடாதா என்ற...

“சார்,” ஆலோசகர் பழைய டயரின்மேல் தூரிகையை வைத்துக்கொண்டு காத்திருந்தார், நுனியில் வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. “என்ன பேர் போடட்டும்?”