இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு

என் தங்கை வெர்டெல் செத்துப்போன பிறகுதான் அவளுடைய இசைத்தட்டு வெளியே வந்தது. இப்போது மெம்ஃபிஸ் நகரம் முழுக்க அவள் குரல்தான். வானொலியில் அவள், முடிவெட்டும் கடையில் அவள், மீன் பொரிக்கிற கடையில் அவள். உயிரோடு இருந்தபோது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் "நம்ம வெர்டெல்" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் சபைப் போதகர் ரெவரண்ட் டிட்மோர் வீட்டுக்கு வந்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"சிஸ்டர் ஓசெல்லா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம சபையில வெர்டெல் ரெக்கார்டைப் போடலாம்னு இருக்கோம். ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டு மட்டும். அது தேவனோட பாட்டுதானே?"

"அவ பாட்டு உள்ள வரலாம், அவ சவப்பெட்டி வரக் கூடாது. அப்படித்தானே ரெவரண்ட்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கே சிஸ்டர். நான் என்ன பண்ண முடியும்?"

சட்டமாம். கிளப்பில் காதல் பாட்டுப் பாடினாள் என்று சபையில் தீர்மானம் போட்டு, கைதூக்கி, சபைப் பதிவிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். திரும்ப உள்ளே வரவேண்டுமானால் பலிபீடத்துக்கு முன்னால் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராக வந்து கைகொடுப்பார்கள். அதோடு சரியாகிவிடும். வெர்டெல் கேட்க மாட்டேன் என்றுவிட்டாள். "தொண்டையக் குடுத்தவருக்கே கோவம் இல்ல, இந்த ரெவரண்டுக்கு என்னக்கா?" என்றாள். புற்றுநோய் வந்து படுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. நான் ரெவரண்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் அவள் பெட்டியைச் சபைக்குள் விடவில்லை. சவ அலங்காரக் கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவில் வைத்து அவளை அனுப்பினோம்.

"வரேன். ரெக்கார்டை நானே கொண்டு வரேன்" என்றேன். மனிதர் சந்தோஷமாகப் போனார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

ஞாயிறன்று சபை நிரம்பி வழிந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ரெக்கார்டு பிளேயரை வைத்திருந்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். ரெவரண்ட் கைகளை விரித்தார்.

"வழிதவறிய நம் சகோதரியை இந்தச் சபை இன்று மன்னித்து ஏற்றுக்கொள்கிறது."

மன்னித்து!

"எனக்கு ஒரு தீர்மானம் இருக்கு" என்றேன். எங்கள் சபையில் ஒருவர் தீர்மானம் சொல்லி இன்னொருவர் வழிமொழிந்துவிட்டால் போதகரே நினைத்தாலும் வாக்கெடுப்பைத் தடுக்க முடியாது. "ரெவரண்ட் டிட்மோர் கீழ இறங்கி வந்து, எல்லாருக்கும் முன்னால நின்னு, வெர்டெல்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். யார் வழிமொழியிறீங்க?"

வீசிக்கொண்டிருந்த விசிறி மட்டைகளெல்லாம் நின்றுவிட்டன.

"துக்கத்துல பேசுறாங்க" என்று ரெவரண்ட் சிரித்தார்.

முன்வரிசையில் வெள்ளை உடுப்போடு, சபையிலேயே மூத்தவளான மதர் ஸ்டார்க்ஸ் எழுந்தாள். வெர்டெலை நீக்கச் சொல்லி அன்றைக்குத் தீர்மானம் கொண்டுவந்தவளே அவள்தான்.

"நான் வழிமொழியறேன்."

"மதர், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சுய்யா. அந்தப் புள்ளையோட பெட்டி சபையத் தாண்டிப் போனப்போ வாசல்லயே நின்னு யோசிச்சேன். நீ கைய எண்ணு."

ஒரு கை எழுந்தது. பின்வரிசையில் நாலைந்து. அப்புறம் எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

ரெவரண்ட் இறங்கி வந்தார். தரையைப் பார்த்து, "மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். வழக்கப்படி இனி கைகொடுக்க வேண்டும். வெர்டெலுக்குப் பதிலாக முதல் கை அவள் அக்காவான என்னுடையது. சபையே என்னைப் பார்த்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"என்கிட்ட நீட்டாதீங்க ரெவரண்ட். நீங்க வெளிய தள்ளினது என்னை இல்ல."

"சிஸ்டர், செத்தவங்க வந்து கைகுடுக்க முடியுமா? பழசெல்லாம் மறந்து, தேவனுடைய சமாதானத்துல நாம எல்லாரும்..."

பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்ட வாயில் ஈரம் காயவில்லை, அதற்குள் எனக்குப் புத்தி சொல்கிறது. நான் முள்ளை எடுத்துக் கடைசிப் பாட்டில் வைத்தேன். அந்தப் பாட்டு தொடங்கும் முன், ஒலிப்பதிவு அறையில் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்த யாரையோ வெர்டெல் அதட்டுவாள். அதை வெட்டிவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அவள் மூச்சைக்கூடத் தொடக் கூடாது என்று சண்டை போட்டவள் நான்.

முள் கரகரத்தது. கூரை அதிர அவள் குரல் வந்தது.

"யோவ், வாய மூடுய்யா. நான் பாடணும்."

ரெவரண்ட் வாயை மூடிக்கொண்டார்.