கீழ்ப்பிடிக்காரரின் முட்டி

நடப்பதற்கும் பாடம் எடுக்கிற காலம் வந்துவிட்டது. ஒரு வயதுக் குழந்தை தானாகக் கற்றுக்கொள்கிற காரியத்தை, நாற்பது வயதுக்காரர்கள் ஆள் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். கேட்டால் அதற்கு முறை இருக்கிறதாம். இதை நினைத்தாலே கீழ்ப்பிடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் பாடம் எடுக்கிறவள் சொந்த மருமகளாக வந்து வாய்த்தால்?

வீடு மாற்றித் தரும் கூட்டத்தில் அவருக்கு அதுதான் பெயர். பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது கீழ்ப்பக்கத்தைப் பிடிப்பவர். பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான் சாயும். முப்பது வருஷமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அன்று காலி செய்தது மகன் வீடு. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. தலையணை மூட்டையோடு தொம் தொம்மென்று இறங்கிக்கொண்டிருந்தவருக்கு, முதல் மாடித் திருப்பத்தில் முட்டி சுருக்கென்று குத்தியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலையணைகள் அவருக்குக் காத்திராமல் தாமே இறங்கிப்போய், கீழே நின்ற கூட்டத்து மேஸ்திரியின் காலடியில் நின்றன.

"பெருசு, தலையணைக்கே தள்ளாடுறியே! பீரோவோட என்னையும் சேத்துல்ல உருட்டிவிடுவ? இனிமே நீ வண்டியில உக்காந்து போர்வை மடி."

போர்வையா! கீழ்ப்பிடிக்காரருக்கு முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு படி மேலே மருமகள் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களை நடக்க வைப்பது அவள் வேலை.

"மாமா, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்குறீங்க. அந்த இடி நேரா முட்டிக்குப் போகுது. முன்பாதத்தை முதல்ல வைங்க, அப்புறம் மெதுவா குதிகால். கணுக்காலும் கெண்டைக்காலும் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கும்."

"நான் என்ன பால் திருடப் போற பூனையா, விரல்ல நடக்க?" என்றவர், மேஸ்திரியிடம் திரும்பினார். "ஒரே ஒரு தடவை பீரோவைக் குடு. தள்ளாடினா நானே போர்வை மடிக்கிறேன்."

நான்காவது மாடிக்கு ஏறிப்போய், பீரோவின் மேல்பக்கத்தை மேஸ்திரியே பிடித்தார். கீழ்ப்பக்கம் அவர். படிக்கு முதுகைக் காட்டி, பின்னால் காலை நீட்டித் துழாவி, விரல் பட்டதும் குதிகாலை இறக்கி, அடுத்த படி. மருமகள் திருப்பத்தில் குந்தி உட்கார்ந்து அவர் பாதத்தையே பார்த்தாள். திடீரென்று துள்ளி எழுந்தாள்.

"விரல் வருது! இப்ப குதிகால் வருது! மாமா, இதேதான்! இதைத்தான் சொன்னேன்!"

"ஏம்மா, காலை ஏன் பாக்குற? பீரோ வருது, தள்ளிப் போ!"

"விரல்... குதிகால்! விரல்... குதிகால்!"

"பெருசு, உன் மருமகளை நிறுத்தச் சொல்லு, சிரிப்புல கை நழுவுது!" என்று மேலேயிருந்து மேஸ்திரி அலறினார்.

சிரித்த சிரிப்பில் பீரோவின் கதவுகூடக் கடகடத்தது. முட்டி மட்டும் நான்கு மாடிக்கும் ஒரு முனகல் முனகவில்லை.

பீரோ வண்டியேறியது. "சரி, கீழ்ப்பிடி உனக்குத்தான்," என்றார் மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மருமகள் விடவில்லை. "பாத்தீங்களா? தலையணையோட வலிச்சுது, பீரோவோட வலிக்கல. பின்பக்கமா இறங்கினா விரல்தான் முதல்ல படும். முன்பக்கமா இறங்கும்போதும் அப்படியே வைங்க."

அவர் தாடையைச் சொறிந்து யோசித்தார்.

"விரலாவது மண்ணாவது! முட்டிக்குப் படியைப் பாத்தா பயம். கண்ணுல காட்டாம இறக்கினா சும்மா இருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

"முட்டிக்கு ஏது மாமா கண்ணு?"

"உங்க ஆஸ்பத்திரி முட்டிக்கு இருக்காது. என்னோடதுக்கு இருக்கு."

மகனின் புது வீடு ஒரு தெருச் சரிவின் அடியில் இருந்தது; வண்டி மேலேயே நின்றுவிட்டது. அவர் சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெறுங்கையோடு, விறுவிறுவென்று பின்பக்கமாகவே இறங்கத் தொடங்கினார்.

"மாமா, சைக்கிள் வருது! திரும்பிப் பாருங்க!"

சைக்கிள்காரர்தான் மணியடித்து ஒதுங்கிப் போனார். கீழ்ப்பிடிக்காரர் திரும்பவில்லை. திரும்பினால் முட்டி பார்த்துவிடுமே.