இரண்டாவது டைரக்டர்

...என் குரல்தான் கேட்கிறதாம், டிஜிட்டல் கையெழுத்துக்காக எடுத்த அம்மாவின் வீடியோவில், இரண்டு தடவையும் அதனால்தான் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், பக்கத்தில் இருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மேடம் என்றான் ரூபஸ், ஆடிட்டர் ஆபீஸில் எங்கள் ஃபைலைப் பார்க்கிறவன், வந்துவிட்டேன், அம்பத்தூர் ஓ.டி. பஸ் இரைச்சலுக்கு மேலே இந்த மாடிப்படியில் நிற்கிறேன், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் கம்பெனியின் இரண்டாவது டைரக்டர் உட்கார்ந்திருக்கிறாள். டைரக்டர், ஆமாம், எல்லம்மா, வயது நாற்பத்தெட்டு, படிப்பு என்ற கட்டத்தில் ஐந்தாம் வகுப்பு, அதை அடிக்கும்போது ரூபஸ் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தானே, ஏன் பார்க்க வேண்டும், டைரக்டருக்கு டிகிரி வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? டிகிரி என்னிடம் இருக்கிறது, எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி, அதை வைத்துக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மூன்று வருஷம் என்ன கிழித்தேன், ரப்பர் வாஷரில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்து ஓகே முத்திரை குத்தினேன், அந்தப் பிசிறை வெட்டியது யார், திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுத் தரையில் காலை நீட்டிப் பிளேடோடு பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தது யார்... என்னைவிட அவளுக்கு ரப்பர் தெரியும், கையில் உருட்டிப் பார்த்தே இது சரியாக வேகாத சரக்கு என்பாள், லேப் ரிப்போர்ட் மறுநாள்தான் அதையே சொல்லும்.

சொந்தமாக வாஷர் செய்து தருகிறேன் என்று ஆர்டர் கேட்டுப் போனபோது அந்தப் பர்ச்சேஸ் ஆபீசர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, தனி ஆளுக்கெல்லாம் ஆர்டர் தர மாட்டாங்கம்மா, லிமிடெட் கம்பெனியா வா, பாக்கலாம்... வருகிறேன், இரு. குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும் என்று படித்தேன், அன்றே அம்மாவைக் கேட்டேன். அப்பாவைப் போடலாமே என்றான் ரூபஸ், அண்ணன் தம்பி யாரும் இல்லையா என்றான், இருக்கிறார்கள், அதற்கென்ன? ஆபீஸ் முகவரிக்கு வீடு, வீடு அப்பா பெயரில், ஆட்சேபனை இல்லை என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும், கொடுத்தார், "பிசிறு வெட்றவள்லாம் டைரக்டராம், நடக்கட்டும் நடக்கட்டும்" என்று முனகிக்கொண்டே, அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு, "கையெழுத்த நல்லா போடுய்யா, ஆபீஸுக்குப் போற பேப்பரு" என்றாள், அப்படியே பூரித்துப்போனேன் நான். கம்பெனிக்கு முதலில் கேட்ட பெயரைத் தள்ளிவிட்டார்கள், இரண்டாவதாகக் கேட்டது கிடைத்தது, முல்லைவாயில் பாலிமர்ஸ் பிரைவேட் லிமிடெட், எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் ரயிலில், வாய்க்குள்ளேயே... ஆனால் பெயரை இருபது நாள்தான் பிடித்து வைப்பார்கள், இன்று பத்தொன்பது, அம்மாவின் டிஜிட்டல் கையெழுத்து வந்தால்தான் விண்ணப்பம் போகும், அதற்கு அவள் கேமராவைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லி, கார்டைக் காட்டி, கண்ணைச் சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான், அந்த அவ்வளவுதான் இரண்டு மணி நேரமாக நடக்கவில்லை. பேர் சொல்லுங்கம்மா என்றால் என் பக்கம் திரும்புகிறாள், நான் உடனே சொல்லும்மா, சொல்லும்மா... ஏன் எனக்கு வாய் நிற்கவில்லை, அவளுக்குத் தெரியாதா அவள் பெயர்?

கதவுக்குள் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், போனை ஒரு வாஷரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள், பழுது எங்கே என்று தேடுகிற அதே கண், அப்புறம் குரல் வந்தது, கண்ணாடியைத் தாண்டி, கீழே கண்டக்டரின் விசிலையும் தாண்டி, "என் பேரு எல்லம்மா, கையெழுத்து எனக்குத்தான்," சிமிட்டச் சொன்னதற்கு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தாள், ரூபஸ் சிரித்துவிட்டான், நானும்தான், எனக்கு ஏன் கண் நனைகிறது, சே. பத்து நிமிஷம் கழித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முடிந்தது. டைரக்டர், என் அம்மா டைரக்டர், அந்த ஆபீசர் இனி மேடம் என்று கூப்பிடட்டும், இரண்டு பேரையும்.

"இன்னாடி, நகத்தைக் கட்ச்சிகினு நிக்கிற, அல்லாம் ஆச்சு" என்று வந்தாள், செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள், "அந்தத் தம்பி கேக்குது, ஒரே ஆளு போதும்னு ஒரு கம்பெனி கீதாம், ஒங்க பொண்ணு ஏன் அத்தப் போடல, ஒங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லியேன்னு. எம்பொண்ணுக்குத் தெரியாத சட்டமா, தெரிஞ்சிதான் என்னியும் சேத்துகினான்னு சொல்ட்டேன், அதுக்கு மூஞ்சி இப்டி ஆயிட்ச்சி." ஒரே ஆள்... எனக்குத் தெரியாது, இந்த நிமிஷம்வரை தெரியாது. ஆமாம்மா என்றேன். அவள் கைப்பிடியைத் தொடாமல் படியின் நடுவில் இறங்கினாள், ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார், நான் இரண்டு படி பின்னால், போன மாதமே தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா இவளை... கேட்டிருப்பேன், கேட்டிருப்பேன், உடனே வந்துவிட்டது பதில், யாரும் கேட்காமலே, இவ்வளவு வேகமாக ஏன் வந்தது.