யோபுவின் மனைவி சொன்ன சொல்

மேட்டூர் அணையைத் திறக்க வேண்டுமென்று எங்கள் சபையில் வாராவாரம் ஜெபம் பண்ணினோம். முன்னின்று ஜெபித்தவர் என் கணவர், பாஸ்டர் குணசேகரன். தண்ணீரும் வந்தது. நன்னிலம் ஊரே ஆற்றங்கரைக்கு ஓடிப் பூவும் நெல்லும் தூவியது. எங்கள் ஒரே மகள் வானதியும் பள்ளிக்கூடம் விட்டதும் தோழிகளோடு பார்க்கப் போனாள். மதகுச் சுவரில் கால் வழுக்கிவிட்டது. நாங்கள் கேட்ட தண்ணீர்தான் அவளைக் கொண்டுபோயிற்று.

கரையில் அவளைக் கிடத்தியிருந்தபோது இவர் முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க கடவுளைத் திட்டிட்டு நீங்களும் செத்துப் போங்க" என்று கத்தினேன். ஊரே கேட்டது. அன்றிலிருந்து சபைப் பெண்களுக்கு நான் யோபுவின் மனைவி. "தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்" என்று, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளைப் பழிக்காத புருஷனிடம் சொன்னாளே, அவள். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு வேதத்தில் ஒரு பேர்கூடக் கிடையாது. பேசியது ஒரே வசனம். வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பெண்கள் சங்கச் செயலாளர் ஷோபனா வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு நினைவு ஆராதனை வச்சிருக்கோம் பாஸ்டரம்மா. நீங்க எழுந்து நின்னு, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்னு யோபு சொன்னதைச் சொல்லிடுங்க. ஜனங்க வாயும் அடங்கும்."

"காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். யோபுவின் கதை முதலில் எழுதப்பட்ட எபிரேய மொழியைப் படித்தவர், கல்யாணமான புதிதில் என்னைவிட எபிரேய அகராதியோடுதான் அதிகம் குடித்தனம் நடத்தினார்.

"யோபு பொண்டாட்டி திட்டச் சொன்னாளே, அது எபிரேயத்துல என்ன வார்த்தைங்க?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "பாரக்."

"அப்படின்னா?"

"ஆசீர்வாதம் பண்றது, ஸ்தோத்திரம் பண்றது. கடவுள் பேருக்குப் பக்கத்துல திட்டுற வார்த்தையைப் போட, வேதத்தை எழுதினவங்களுக்கு மனசு வராதும்பாங்க. அதனால அப்படி எழுதிட்டாங்களாம். படிக்கிறவங்க புரிஞ்சுக்கணும்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யோபு சொன்ன ஸ்தோத்திரமும் அதே பாரக்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு எபிரேயம் எதற்கு? வயிறெரிந்தவள், "நல்லா இருங்கய்யா, நல்லா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாளே, அதைக் கேட்டு நம் ஊரில் யாருக்குக் குலை நடுங்காது?

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தேன். பீடத்தை நேராகப் பார்த்து, "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வயிறெரிந்தவள் சொல்கிற மாதிரியேதான் சொன்னேன். கோயிலே ஆமென் என்றது. ஷோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டரம்மா தேறிவிட்டாராம். நான் என்ன சொன்னேன் என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிவில் ஆசி கூற இரண்டு கைகளையும் உயர்த்தினார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னை..." அதற்குமேல் வரவில்லை. 'காக்கக்கடவர்' என்ற ஒரு சொல்தான் பாக்கி. வானதி பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அவள் தலையில் கைவைத்து இதைத்தான் சொல்லி அனுப்புவார். அன்றைக்கும் சொல்லித்தான் அனுப்பினார்.

ஜனங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். யாரோ எழுந்துபோய் மைக் வயரை ஆட்டிப் பார்த்தார். உயர்த்திய கைகள் உயர்ந்தபடியே இருந்தன. இறக்கவும் தெரியவில்லை அவருக்கு. நான் படியேறிப் போய் அந்தக் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினேன்.

"போதுங்க. வீட்டுக்குப் போகலாம்."

என் காதோடு சொன்னார்: "எனக்கும் நீ சொன்ன அந்த அர்த்தத்துலதாம்மா வருது."

பிள்ளை போனதற்கே அழாதவள், அந்த மனுஷனுக்காக அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.